கணினித் தடயத்துக்கு எத்தனை மடங்கு எடை?

2005 ஜனவரி. பிட்டொரன்ட் வழியாக மூன்று ஹாலிவுட் படங்களைப் பகிர்ந்ததாக ஹாங்காங்கில் ஒருவர் கைதானார். பிட்டொரன்ட்டில் ஒரே படம் துண்டு துண்டாகப் பல கணினிகளுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். அத்தனை கணினிகளில், படத்தை முதலில் விதைத்தது எது?

நீதிமன்றம் அவருக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. பின்னர் 2008இல், ஹாங்காங் ஆய்வாளர்கள் அந்த வழக்கின் தடயங்களைக் கணிதத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் விட்டுச்சென்ற தராசு அது.

இந்தத் தராசுக்கு எப்போதும் இரண்டு தட்டு. கணினியில் படம் இருக்கிறது. பெரிய சாட்சியமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் விதைத்தவரிடமும் படம் இருக்கும், வெறுமனே இறக்கிக்கொண்டவரிடமும் இருக்கும். இரண்டு தட்டும் சமம். எடை கிட்டத்தட்ட பூஜ்யம்!

துண்டுகளைத் தேடிச் சேர்க்க உதவும் டொரன்ட் கோப்பு, அது இணையத்தில் அறிவிக்கப்படும் முன்பே அந்தக் கணினியில் உருவாகியிருந்தால்? விதைத்தவரானால், உதாரணத்துக்கு, 100க்கு 90 முறை இப்படி இருக்கும். இறக்கியவரானால், கடிகாரக் கோளாறால் 3 முறை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 90க்கு 3, அதாவது 30 மடங்கு. இதுதான் 'சாத்திய விகிதம்': ஒரு தடயம் எந்தக் கதைக்கு எத்தனை மடங்கு பொருந்துகிறது என்ற அளவு.

30 மடங்கு என்றால் குற்றம் உறுதியா? அவசரம் வேண்டாம். சந்தேக வளையத்தில் 100 கணினிகள் இருந்தால், தொடக்கத்தில் இந்தக் கணினிக்கு 1, மற்றவற்றுக்கு 99. 30ஆல் பெருக்கினால், இப்போது 30க்கு 99. இன்னும் பாதி வாய்ப்புகூட இல்லை. 20 மடங்கு எடையுள்ள இன்னொரு தடயம் சேரட்டும்: 600க்கு 99. தராசு சட்டென்று சாய்கிறது.

ஆனால் இரண்டு தடயமும் ஒரே கடிகாரத்தை நம்பியிருந்தால் இப்படிப் பெருக்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டு முறை சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடாதே! அதற்காகத்தான் எது எதைச் சார்ந்தது என்று கோடிழுத்துக் காட்டும் 'பேய்ஸ் வலை'. ஹாங்காங் வலையில் ஐந்து முடிச்சுகள்: வட்டிலிருந்து படம் நகலானது, டொரன்ட் கோப்பு உருவானது, அது அறிவிக்கப்பட்டது, துண்டுகளுக்கு வழிகாட்டும் சர்வரோடு இணைப்பு ஏற்பட்டது, அந்த இணைப்பு நீடித்தது. ஒவ்வொரு முடிச்சிலும் அதற்குரிய தடயங்கள் தொங்கும். ஒன்று அறுந்தாலும் வலை முழுதும் அறுந்துவிடாது. எவ்வளவு தளர்ந்தது என்று கணக்கே சொல்லிவிடும்.

இவ்வளவும் 'இந்தக் கணினியா?' என்ற கேள்விக்கான விடைதான். விசைப்பலகையில் இருந்தது யார் விரல் என்ற கேள்விக்குத் தராசை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.