பாதாளத்துக் கல்லுக்கு ஒரு பண்டசாலை

பூமிக்குள் இத்தனை அடி ஆழத்தில் இன்னது இருக்கிறது என்று திட்டமாகச் சொல்ல வேண்டுமானால், துளையிட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. கிணற்றுக்குப் போர் போடும்போது வெளியே வருவது தூளும் சேறுமே. பூகர்ப்ப சாஸ்திரிகள் போடும் துளை வேறு மாதிரியானது. வைரத் துகள் பதித்த வளையம் ஒன்று பாறையைச் சுற்றிலும் அறுத்துக்கொண்டு இறங்க, நடுவிலுள்ள கல் அப்படியே குழாய்க்குள் ஏறிக்கொள்கிறது. அதை மேலே இழுத்தால், உலக்கை போன்ற கல் தண்டு கிடைக்கும். பூமியின் அடுக்குகள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில் அதிலும் இருக்கும்.

இத்தண்டுகளைப் பார்த்துக் குறிப்பெழுதி முடித்தபின் என்ன செய்வது? எறிந்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அவை மகா கனம், இடத்தை அடைப்பவை, பார்வைக்கும் அழகில்லை. அப்படி எண்ணும் நேயர்களுக்கு மெக்ஸிகோ தேசத்து விருத்தாந்தம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அங்கே யுகதான் தீபகற்பத்தில், 1950-ஆம் ஆண்டையொட்டி, பெமெக்ஸ் என்னும் எண்ணெய் ஸ்தாபனத்தார் துளையிட்டார்கள். எண்ணெய் அகப்படவில்லை. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், உருகி உறைந்தது போன்ற கல் வந்தது. எரிமலைக் கல் என்று எழுதி வைத்தார்கள். 1978-இல் அதே ஸ்தாபனத்துக்காக விமானத்திலிருந்து காந்த சக்தியை அளந்த கிளென் பென்பீல்ட் என்பவர், கடலடியில் பிரம்மாண்டமான ஒரு வில் வடிவத்தைக் கண்டார். நிலப்பகுதியின் பழைய ஈர்ப்பு அளவுப் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார், வட்டம் பூர்த்தியாயிற்று. விண்கல் விழுந்த பள்ளம்!

1980-இல் லூயி அல்வாரெஸும் அவர் குமாரர் வால்டரும் அவர்கள் சகாக்களும், டைனோசர்கள் மாண்டதற்கு விண்கல்லே காரணம் என்று பிரசுரம் செய்தார்கள். மறு வருஷமே பென்பீல்டும் அவருடைய சகாவான அந்தோனியோ காமார்கோவும் தங்கள் வட்டத்தைப் பற்றி ஒரு மகாநாட்டில் பேசினர். கேட்டவர் மிகச் சிலர். கல்லைக் காட்டினாலன்றி யார் நம்புவார்? பழைய தண்டுகளைப் பென்பீல்ட் விசாரித்தபோது, அவை தொலைந்தோ அழிந்தோ போயின என்று பதில் வந்தது. துளையிட்ட இடங்களில் தேடியும் பயனில்லை. காரியம் அவ்வளவில் நின்றுவிட்டது.

1990-இல் ஆலன் ஹில்டிப்ராண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், ஒரு பத்திரிகை நிருபர் மூலம் பென்பீல்டைப் பற்றிக் கேள்விப்பட்டார். இருவருமாகத் தேடினர். அழிந்ததாகச் சொல்லப்பட்ட துளைகளின் மாதிரிகள் அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் நகரில், பல வருஷங்களாகக் கிடந்தன! பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, மகத்தான மோதலால் மட்டுமே உண்டாகக்கூடிய வரிகள் படிகக் கல்லில் தெரிந்தன. 1991-இல் பிரசுரம் வெளிவந்தது. சிக்ஷுலூப் பள்ளம், சுமார் 180 கிலோமீட்டர் அகலம், 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முந்தியது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். யாரோ எறியாமல் வைத்திருந்த ஒரு பிடி கல் இல்லாததால் ஒன்பது வருஷம் வீணாயிற்று. அந்தத் துளைகளைப் போட்டவர்கள் தேடியது எண்ணெய்தான் என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவேதான் இக்கற்களுக்குப் பொதுப் பண்டசாலைகள் ஏற்பட்டிருக்கின்றன. ஆங்கிலேயர் தம் நாட்டில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், கனிப்பொருளுக்காக 100 அடிக்கு மேல் துளைப்பவர் பூகர்ப்ப ஆய்வு இலாகாவுக்கு அறிவித்து, கல்லையும் பார்வையிட விட வேண்டும் என்று விதித்தார்கள். நாட்டிங்ஹாமுக்கு அருகே கீவொர்த்தில் அவர்களுடைய பெரிய சாலை இருக்கிறது. அமெரிக்க சர்க்கார் 1974-இல் டென்வரில் ஒன்றை ஏற்படுத்தினர்.

அங்கே செய்யும் வேலை வெளிக்கு எளிது. தண்டுகளைத் தடுப்புள்ள நீண்ட பெட்டிகளில் புத்தகத்தின் வரிகளைப் போல இடமிருந்து வலமாக அடுக்குகிறார்கள். எத்தனை மீட்டர் என்று எழுதிய சிறு கட்டைகளை இடையிடையே வைக்கிறார்கள். கட்டை மாறினால் போயிற்று. எந்த ஊர், எந்தத் துளை, எந்த ஆழம் என்ற மூன்றும் தெரியாத கல் சாலையோரத்து ஜல்லிதான். ஒரு பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டால் பேரனின் மேல் பாட்டன் உட்கார்ந்துவிடுவார். பிறகு தண்டை நெடுக இரண்டாக அறுப்பதுண்டு. ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மறு பாதியைக் கூடியவரை வெட்டாமல் காப்பாற்றுவார்கள். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தால் கல் தீர்ந்துபோகும். ஒருவருக்கும் கொடாவிட்டால் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்ப்பதே சாலை அதிகாரியின் முக்கிய உத்தியோகம் என்பது நம் அபிப்பிராயம். காற்றும் ஈரமும் பட்டால் கந்தகச் சத்துள்ள கற்கள் பொரிந்து உதிரும். கடலடிச் சேற்றுத் தண்டுகளையோ 4 டிகிரி சென்டிகிரேட் குளிரறையிலேயே வைக்க வேண்டும்.

நம் கடல்களின் கதையும் இங்கே வருகிறது. 2014, 2015 ஆண்டுகளில் சர்வதேச ஆராய்ச்சிக் கப்பலொன்று வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் துளையிட்டு, பருவமழையின் பூர்வ சரித்திரம் அடங்கிய தண்டுகளை எடுத்தது. அவை ஜப்பானில், கொச்சி என்னும் ஊரில் உள்ள சாலைக்குப் போயின. நம் கேரளத்துக் கொச்சி அல்ல! இதில் களவு ஒன்றுமில்லை. முன்கூட்டிச் செய்த பங்கீடு. இருந்தாலும் நம் மழையின் ஏட்டைப் பார்க்க அயல்நாட்டுக்கு எழுத வேண்டியிருப்பது மனத்தை உறுத்தாமல் இல்லை.

நம் தேசத்திலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1967 டிசம்பரில் பூகம்பம் கண்ட கொய்னா பிரதேசத்தில், அதன் காரணத்தை ஆராய்வதற்காகத் துளையிட்ட கல் தண்டுகளை மகாராஷ்டிரத்தில் உள்ள கராட் என்ற ஊரில் பாதுகாக்கிறார்கள். அடுக்கடுக்காக எரிமலைக் குழம்புக் கல். அதன் கீழ், நடுவே மண்ணடுக்கு ஏதுமின்றி, நேராகக் கருங்கல்! தக்காணத்தின் அந்த எரிமலைக் குழம்பு டைனோசர்கள் மடிந்த காலத்தையொட்டியே வழிந்தது. அவற்றின் அழிவில் அதற்கும் பங்குண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

வகுப்பில் நாம் பூமியின் அடுக்குகளைக் கலர்ச் சாக்கட்டியால் கரும்பலகையில் வரைந்து காட்டி வருகிறோம். இத்தகைய சாலைகளில் இடம் போதாமல் கழிக்கும் துண்டுகளில் ஒன்றிரண்டை, ஊரும் துளையும் ஆழமும் எழுதிய சீட்டோடு, பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினால், கூலி கொடுத்து இறக்கிக்கொள்ளத் தயாராயிருக்கிறோம்.