முண்ணாணும் கட்டியும்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் ஒருவருக்குக் கால் தளர்ந்தால், ‘வாதம் பிடித்துவிட்டது’ என்பதே முதற் பேச்சு. உடனே முழங்காலில் எண்ணெய் பூசப்படும். காலிலே குற்றமின்றி முதுகினுள்ளே குற்றமிருத்தல் கூடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

முள்ளந்தண்டின் நடுவே ஓடும் நரம்புவடத்துக்கு முண்ணாண் என்று பெயர். முள்ளும் நாணும் புணர்ந்த அழகை இலக்கணங் கற்றோர் உடனே உணர்வர். சுண்டுவிரற் பருமனும் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமுமுள்ள இந்நாண் வழியே மூளையின் ஏவல் காலுக்கு இறங்குகின்றது. காலின் உணர்ச்சி மூளைக்கு ஏறுகின்றது. என்புக் கூட்டினுள் இருத்தல் அதற்குக் காவல். கட்டி எழும்போது அக்காவலே பகையாகின்றது. வயிற்றில் எழுங் கட்டிக்கு விரிய இடமுண்டு. இங்கோ ஒதுங்க வழியின்றி நாண் நசுங்கும்.

கட்டிகள் யாவும் ஒரு தன்மைய அல்ல. மார்பு, நுரையீரல் முதலியவற்றிலிருந்து பரவிய புற்று முள்ளென்பிற் குடியேறி, வெளியிலிருந்து நாணை நெருக்குவதுண்டு. உறையினுள்ளே நாணுக்குப் புறம்பாக எழுவன பெரும்பாலும் புற்றல்ல, மெல்ல வளர்வன. நாணினுள்ளேயே முளைப்பனவும் சில உள.

இரவிற் படுத்தபின் மிகும் முதுகுவலி, மார்பைச் சுற்றிக் கச்சு இறுக்கினாற் போன்ற உணர்வு, மரத்தல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் தடைப்படல் என்பன குறிகள். இறுதியிற் சொன்னதை நம்மவர் நாணத்தால் மறைக்கின்றனர். என் பழைய மாணாக்கர் ஒருவரின் வாப்பா அவ்வாறு மறைத்துப் பல நாள் கழித்தார். அக்குறி தோன்றியபின் எண்ண வேண்டியது நாட்களையல்ல, மணிகளை.

1887இல் இலண்டனில், கால்கள் முற்றும் செயலிழந்த இராணுவ அதிகாரி ஒருவரின் நோயிடத்தைக் கவர்ஸ் என்னும் வைத்தியர் குறிகளைக் கொண்டே கணித்தார். ஹோர்ஸ்லி சத்திரசிகிச்சை செய்தார். திறந்த இடத்தில் ஒன்றுமில்லை! மேலும் மேலே என்பை நீக்கியபோதே கட்டி தென்பட்டது. ஓராண்டிற்குள் அவ்வதிகாரி நடந்தார். முண்ணாண் கட்டியொன்றை இனங்கண்டு அகற்றிக் குணப்படுத்திய முதற் செய்தி அதுவென்பர். நம் அயலில் இக்கலை வேரூன்ற, 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னையில் இராமமூர்த்தியும் வரவேண்டியிருந்தது.

இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் எல்லையைத் தோலைக் கீறுமுன்னரே காட்டுகின்றது. எனினும் சிகிச்சைக்குப்பின் கால் எவ்வளவு மீளும் என்பது, சிகிச்சைக்குமுன் அக்காலில் எவ்வளவு வலு எஞ்சியிருந்தது என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.