17 மணி நேரம் மிதித்த மனிதர்

முந்தல் தாண்டிப் போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பே திணறும் ஏற்றம். அதில் கியர் கருவி இல்லாத சைக்கிளில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

1926-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் அப்படித்தான் நடந்தது. 17 கட்டங்கள், 5,745 கிலோமீட்டர். அந்தப் பந்தய வரலாற்றிலேயே மிக நீளமானது. ஜூலை 6-இல் பிரனீஸ் மலையில் மட்டும் 326 கிலோமீட்டர். கொட்டும் மழை, முழுக்கச் சேறு. ஏற்றம் வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கப் பல்சக்கரம் சங்கிலிக்கு வரும்படி திருப்பி மாட்ட வேண்டும், குளிரில் விறைத்த விரல்களால். பெல்ஜிய வீரர் லூசியன் பைஸ் 17 மணி நேரத்துக்கும் மேல் மிதித்து முதலில் வந்தார். இருட்டியும் பலர் வராததால் தேடி ஆளனுப்பினார்கள். புறப்பட்ட 126 பேரில் முழுப் பந்தயத்தையும் முடித்தவர்கள் 41 பேர்தான், வென்றவர் பைஸ். கியர் மாற்றும் கருவியை எல்லா வீரர்களுக்கும் அனுமதித்தது 1937-இல். அத்தனை காலம் மறுத்தது கொடுமைதான்.

கியர் இருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். அதனால் வாகன ஓட்டிகளே, போடிமெட்டுச் சாலையில் சைக்கிளில் ஏறுவோரைக் கண்டால் ஹார்ன் அடித்து விரட்டாதீர்கள். வளைவில் இடம்விட்டுக் கடந்து செல்லுங்கள்.