மக்னீசியம் எப்போது வளைந்து கொடுக்கும்?

வேதியியல் ஆய்வகத்தில் மக்னீசிய நாடாவைக் கொளுத்தியபோது, கண்ணைக் கூசிய வெள்ளொளி கண்டு நாங்கள் ஓரடி பின்வாங்கினோம். எங்களுள் ஒருத்தி கேட்டாள்: "இப்படிப் பற்றி எரிவதை எப்படியடி சூடாக்கித் தகடாக்குகிறார்கள்?" அதற்குள் மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் எங்களை விடவில்லை. தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அச்சம் தீரட்டும். மெல்லிய நாடா எளிதில் தீப்பற்றும். கனத்த கட்டியோ வெப்பத்தை உள்ளே பரப்பிவிடுவதால், உருகுநிலையாகிய 650 டிகிரி செல்சியஸை நெருங்கினாலன்றிப் பொதுவாகப் பற்றாது.

சரி, சூடாக்குவானேன்? மக்னீசியத்தின் அணுக்கள் அறுங்கோண வடிவில் அடுக்கடுக்காக அமைந்தவை. மேசைமீது நோட்டுப் புத்தகங்களை அடுக்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மேலிருந்து அழுத்தினால் அசையாது. குளிர்ந்த மக்னீசியமும் அவ்வாறே. எத்திசையிலும் உருமாற வேண்டுமாயின் ஒரு படிகத்துக்கு ஐந்து தனித்தனி வழுக்கு முறைகள் தேவை. இதற்கு எளிதாக வாய்ப்பவை இரண்டே. படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிக்கொண்டு ஓரளவு ஈடுகட்டும். அதுவும் போதாதபோது விரிசல்தான்!

ஏறத்தாழ 225 டிகிரிக்கு மேல் மற்றத் தளங்களும் வழுக்கத் தொடங்குகின்றன. நசுங்கிய படிகங்களின் ஓரங்களில் புதிய சிறு படிகங்கள் முளைக்கின்றன. ஆகவேதான் நூற்றுக்கு மூன்று பங்கு அலுமினியமும் ஒரு பங்கு துத்தநாகமும் சேர்ந்த ஏ.இசட். 31 என்னும் கலவையைச் சூடாக்கி உருளைகளுக்கிடையே செலுத்துகிறார்கள்.

ஆனால் தகடு செய்பவருக்கு வரமான இந்த இளக்கம், இயந்திரம் செய்பவருக்குத் தலைவலி. அலுமினியம் மிகுந்த கலவைகள் சுமார் 120 டிகிரிக்கு மேல், தாங்கக்கூடிய சுமையிலேயே மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். இதற்குத் தவழ்வு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இறுக்கிய திருகாணிகள் பிடி தளரும். வோக்ஸ்வாகன் 'பீட்டில்' காரின் இயந்திரக்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. இயந்திரத்தின் ஆற்றலும் சூடும் கூடியபோது பழைய கலவை போதவில்லை. சிலிக்கன் சேர்ந்த கலவைக்கு மாறினார்கள். யிட்ரியம், நியோடிமியம் சேர்ந்தவை 250 டிகிரியிலும் உறுதி குன்றுவதில்லை. ஹெலிகாப்டர்களின் பல்சக்கரப் பெட்டிகளுக்கு அவை உதவுகின்றன. விலைதான் சாதாரணக் காருக்கு எட்டாது.

— பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்