நாய்க்குச் சொறி வந்தால் கராஜுக்கு ஓடாதீர்கள்

ஒருவரைக் கேவலமாகத் திட்டுவதற்கு எங்களிடம் 'சொறி நாய்' என்ற இரண்டு சொற்கள் போதும். அந்தச் சொற்களுக்கு உண்மையான சொந்தக்காரர்களான நாய்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால், திட்டு வாங்குகிற மனிதரின் பாடு பரவாயில்லை.

வீட்டு நாய்க்கு மயிர் கொட்டி, தோல் தடித்து, மணக்கத் தொடங்கியதும் எங்கள் ஊர்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பக்கத்து மோட்டார் சைக்கிள் கராஜில் ஒரு போத்தல் கழிவு ஒயில் வாங்கிவந்து, தலையிலிருந்து வால்வரை பூசுவார்கள். அல்லது உரப்பையில் கட்டிக்கொண்டுபோய், சந்தையடியிலோ கடற்கரையிலோ விட்டுவிட்டு வருவார்கள். முதலாவது பலிக்காதபோது இரண்டாவது நடக்கும். எங்கள் ஒழுங்கைக்கு இப்படி வந்துசேர்ந்த நாய்களுக்குச் சோறு வைப்பவர்களில் நானும் ஒருவன். அவற்றில் சிலவற்றை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியும் இருக்கிறேன். கராஜ்காரர் ஒருவரிடம் இந்த ஒயிலைப் பற்றிக் கேட்டேன். "கிழமைக்கு ரண்டு பேராவது வாங்கிக்கொண்டு போவினம் தம்பி. நான் காசு எடுக்கிறேல்லை, வாயில்லாச் சீவன் தானே" என்றார். அவர் இரக்கத்தோடுதான் கொடுக்கிறார். சிக்கலே அங்கேதான்.

சொறி என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு நாங்கள் வைத்த பெயர். மயிர் இல்லை, புண் இருக்கிறது, நாய் சொறிகிறது. அவ்வளவுதான் அதன் பொருள். அதற்குப் பின்னால் சிற்றுண்ணி இருக்கலாம், தெள்ளு இருக்கலாம், பங்கசு இருக்கலாம், பக்ரீரியா இருக்கலாம், ஒவ்வாமையோ உணவுக் குறைபாடோ இருக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை மோசமாக்கிவிடும். சிற்றுண்ணிகளிலேயே இரண்டு வகை உண்டு. இரண்டும் முற்றிலும் வேறு கதைகள்.

முதலாவது சார்கொப்டிஸ். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சியின் பெண் தோலின் மேற்படைக்குள் சுரங்கம் தோண்டி, அந்தச் சுரங்கத்திலேயே முட்டையிடுகிறது. முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட ஏறக்குறைய மூன்று கிழமைகள். நாய்க்கு வரும் கடிகளில் மிக மோசமான கடி இதுதான் என்று சொல்லலாம். இரவு பகலாக நித்திரை இல்லாமல் சொறியும், சாப்பாட்டை நடுவில் விட்டுவிட்டுச் சொறியும். காது மடலின் ஓரம், முன்னங்கால் முழங்கை, பின்னங்கால் குதி, வயிறு ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். வைத்தியர்கள் செய்யும் ஒரு சின்னச் சோதனையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். காது மடலின் விளிம்பை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து மெல்லத் தேய்க்கும்போது, நாயின் பின்னங்கால் தன்பாட்டில் சொறிவதுபோல அசைந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது முடிவான தீர்ப்பு அல்ல, ஆனால் நல்ல தடயம்.

இது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு மிக விரைவாகத் தொற்றும். மனிதருக்கும் வரும். நாயைத் தூக்கும் கையிலும் வயிற்றிலும் சிவந்த சின்னச் சின்னப் பருக்கள் தோன்றிக் கடிக்கும். ஆனால் நாயின் சிற்றுண்ணியால் மனிதத் தோலில் பல்கிப் பெருகித் தலைமுறை வளர்க்க முடியாது. நாய்க்குச் சிகிச்சை செய்தால் வீட்டாருக்கு வந்த கடி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக அடங்கிவிடும். பிள்ளைகளின் விரல் இடுக்குகளில் வந்து, வீடு முழுக்கப் பரவி, மாதக்கணக்கில் போகாமல் நிற்கிற சிரங்கு வேறு. அது மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும் இன்னொரு வகை. நாயைத் துரத்திவிட்டால் அது போகாது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும். பிள்ளைக்குக் கடி வந்ததென்று நாயைக் கொண்டுபோய் விட்டவர்கள், ஒரு மாதம் கழித்தும் பிள்ளையோடு கிளினிக்கில் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டாவது டெமொடெக்ஸ். இது மயிர்க்காலுக்குள் வாழ்வது. குட்டி பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது நல்ல ஆரோக்கியமான நாய்களிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். அந்தச் சக்தி தளரும்போது பெருகும். குட்டிகளில் கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்னங்காலில் வட்ட வட்டமாக மயிர் போகும். தொடக்கத்தில் கடி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். மனிதருக்குத் தொற்றாது. வீட்டிலுள்ள மற்ற வளர்ந்த நாய்களுக்கும் இதனால் ஆபத்தில்லை.

டெமொடெக்ஸ் ஓரிரு இடங்களில் மட்டும் வந்த இளம் நாய்களில் பத்துக்கு ஒன்பது எந்த மருந்தும் இல்லாமலே, சில மாதங்களில் தானாகவே குணமாகிவிடுகின்றன. ஊரில் கழிவு ஒயிலுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு இந்த நாய்களால் வந்தது என்பது என் கருத்து. குட்டிக்கு மயிர் போனது, ஒயில் பூசினார்கள், மயிர் வந்தது. பூசாமல் விட்டிருந்தாலும் வந்திருக்கும். பூசி இறந்துபோன நாய்களின் கதையை யாரும் சந்தியில் நின்று சொல்வதில்லை. "அது முத்திப்போச்சு, தப்பாது எண்டு தெரியும்" என்று முடித்துவிடுவார்கள்.

ஒயில் என்ன செய்கிறது? இயந்திரத்துக்குள் ஓடி முடிந்த எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்களும், எரிந்த எரிபொருளின் எச்சங்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஐதரோகாபன்களும் இருக்கின்றன. மயிர் இல்லாத, புண்ணான தோல் ஒரு திறந்த கதவு. அதன் வழியாக இவை உள்ளே போகின்றன. நாய் சும்மாவும் இருக்காது, நக்கும். நக்கியது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. நக்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ ஒரு துளி சுவாசக் குழாய்க்குள் போனால் நியூமோனியா வரும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவு ஒயில் கலந்தது என்று தெரியவந்தபோது, யாழ்ப்பாணமே வீதியில் இறங்கியது. வாளித் தண்ணீரில் மிதந்த அந்தப் படலத்தைப் பார்த்துப் பயந்த அதே ஊர்களில்தான், அதே பொருளை ஒரு நாயின் புண்ணில் போத்தல் கணக்கில் ஊற்றுகிறோம்.

ஏற்கெனவே பூசிவிட்ட நாய் ஒன்று உங்கள் வளவுக்குள் வந்தால் மண்ணெண்ணெயோ பெற்றோலோ தின்னரோ கொண்டு துடைக்க வேண்டாம். அவை இன்னும் எரிக்கும். பழைய துணியால் மேலாக ஒற்றி எடுத்துவிட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கி, பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு இரண்டு மூன்று முறை கழுவுங்கள். ஈரம் துவட்டி, நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மூச்சு வேகமாக வாங்கினால், சோர்ந்து படுத்தால், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

சரி, எது வேலை செய்யும்? இன்று சிற்றுண்ணிக்கு மருந்து இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. புளூரலனர், அபொக்சொலனர், சரொலனர் என்ற பெயர்களுடைய மாத்திரைகள் வந்தபிறகு, முன்பு மாதக்கணக்கில் இழுத்த டெமொடெக்ஸுக்குக்கூட வாயால் கொடுக்கும் மருந்து போதும் என்றாகிவிட்டது. இவை தெள்ளையும் உண்ணியையும் சேர்த்தே கொல்லும். ஒரு முறை கொடுத்தால் ஒரு மாதமோ, வகையைப் பொறுத்து மூன்று மாதமோ நிற்கும். விலை கூடுதல்தான். வலிப்பு வரும் நாய்க்குக் கொடுப்பதில் அவதானம் வேண்டும் என்பதால், வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். விலை குறைந்தது ஐவர்மெக்டின் ஊசி. அதுவும் பலன் தரும். ஆனால் மாட்டுக்கான மருந்துப் போத்தலிலிருந்து குத்துமதிப்பாக எடுத்துக் குத்துவது விளையாட்டல்ல. அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. கொலி போன்ற சில இனங்களில் மரபணுக் காரணத்தால் அந்த மருந்து மூளைக்குள் போய் உயிரையே எடுத்துவிடும். தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய பூச்சிகொல்லியைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எச்சில் வடிந்து, நடுங்கி, நாய் செத்துப்போகும்.

இன்னொரு பொறி ஸ்டெரொயிட். பார்மசியில் ஒரு மாத்திரையோ கிறீமோ வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் கடி நின்றுவிடும், வீட்டாருக்குச் சந்தோசம். ஒவ்வாமையாக இருந்தால், வைத்தியர் அளந்து கொடுக்கும்போது அது சரியான மருந்து. டெமொடெக்ஸாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி இன்னும் தளர்ந்து, நான்கு இடத்தில் இருந்தது உடல் முழுக்கப் பரவும். மருந்துக்கு முன்னர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதற்காகத்தான். டெமொடெக்ஸ் சுரண்டலில் பெரும்பாலும் அகப்படும். சார்கொப்டிஸ் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் அகப்படாது. அப்போது அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்குவார்கள். 'ஒண்டும் காணேல்லை எண்டிட்டு மருந்தைக் குடுக்கிறார்' என்று சந்தேகப்படத் தேவையில்லை. சார்கொப்டிஸ் என்றால், வீட்டில் சொறியாமல் இருக்கும் மற்ற நாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சிற்றுண்ணி இல்லாத கடிக்குத் தெள்ளுத்தான் முதற் சந்தேகநபர். வாலடியும் இடுப்பும் கடித்துக் கடித்து மயிர் போயிருந்தால் ஒரு வெள்ளைக் கடதாசியை நனைத்து, மயிருக்குள்ளிருந்து விழும் கறுப்புத் தூளை அதில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம். அதாவது நாயின் இரத்தம். நாயில் தெரியும் தெள்ளு மொத்தத்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே. மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கிலும் கதிரைக்குக் கீழும் மணலிலும் கிடக்கிறது. படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போடாமல் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. உண்ணியும் அப்படித்தான், சுவர் வெடிப்புகளில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது தோல் நோயோடு நிற்பதும் இல்லை. முரசு வெளிறி, காய்ச்சல் வந்து, மூக்கால் இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை, தாமதிக்கக் கூடாது.

வட்டமாக, ஓரம் செதில் செதிலாக மயிர் போயிருந்து, பிள்ளைகளின் தோலிலும் அதே வட்டம் தெரிந்தால் படர்தாமரை, பங்கசு. அதற்கு மருந்து வேறு. மாரியில் நனைந்து ஈரம் காயாமல் கூட்டுக்குள் கிடக்கும் அடர்மயிர் நாய்களுக்கு ஒரே இரவில் ஈரப்புண் வரும். தகரக் கூரைக் கூட்டில் ஜேர்மன் ஷெப்பர்ட்டையும் பொமரேனியனையும் அடைத்து வைக்கும் பழக்கத்துக்கு இந்தக் காலநிலை கொடுக்கும் தண்டனை அது.

வேப்பிலை அவித்த தண்ணீரைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வார்க்கலாம், ஆறுதலாக இருக்கும். தோலுக்குள் சுரங்கத்தில் இருக்கும் பூச்சிக்கு அது போதாது. எங்களுடைய சவர்க்காரம் நாயின் தோலுக்குப் பொருந்தாது, அதன் தோலின் அமிலத்தன்மை எங்களுடையதைவிடக் குறைவு. மருந்து ஷாம்பு பாவித்தால் நுரை போட்டதும் ஊற்றிவிடாமல் பத்து நிமிடம் விட வேண்டும். கருவாடு கொடுத்ததால் சொறி வந்தது என்ற நம்பிக்கையில் மீனையே நிறுத்திவிடும் வீடுகளும் இருக்கின்றன. மயிர் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. வெறும் சோறும் சொதியும் தின்னும் நாய்க்கு மயிர் மினுங்காது, புண்ணும் ஆறாது. முள் எடுத்து அவித்த சூடை மீனும், இடைக்கிடை ஒரு முட்டையும் கடையில் விற்கும் மயிர் வளர்க்கும் மருந்துகளைவிட மேல். மீனை உறுதியாகத் தாங்காத நாய்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அவை குறைவு.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். நாயையும் பார்ப்பார்கள். மருந்தை வெளியில் வாங்கச் சொல்லலாம். தெருநாய் என்றால் பிடித்துக்கொண்டு போவதுதான் பெரும்பாடு. தெளிவான படங்கள் எடுத்து, நிறையை மதிப்பிட்டு, வைத்தியரிடம் காட்டி மாத்திரை வாங்கி, மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கலாம். எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகள் காசு சேர்த்து இப்படித்தான் செய்தோம். பழகாத நாயைத் தொட்டுப் பூச முயல வேண்டாம். வேதனையில் இருக்கும் நாய் கடிக்கும். கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்து கொடுத்த மறுகிழமையே மயிர் வராது. முதலில் கடி குறையும், நாய் நித்திரை கொள்ளத் தொடங்கும். பிறகு தடித்த தோல் உரியும், அப்போது பார்க்க முன்னையதைவிட மோசமாகத் தெரியும். மருந்து பிழைத்துவிட்டது என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மயிர் மூடி வர ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும். டெமொடெக்ஸ் என்றால் மயிர் வந்த பிறகும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் பூச்சி இல்லை என்று வைத்தியர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது.