கைக்குள் கேமரா – 6: போனுக்குச் சொல்லிக்கொடுங்கள்

போன வாரம் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகினோம். இந்த வாரம், பலரும் திறந்து பார்த்து மிரண்டு உடனே மூடிவிடும் இடத்துக்குப் போகிறோம்: கேமரா செட்டிங்ஸ்.

அங்கே இருக்கும் பொத்தான்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். படம் எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். எதிரில் இருப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்து, இந்தப் போனுக்குத் தெரியாதது எது? கல் கறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். தீவட்டி வெளிச்சம் பொன்னிறம் என்பதும், அடுத்த நொடி சாமி வாகனம் நகரப்போகிறது என்பதும் தெரியும். போனுக்கு வந்து சேர்வது வெறும் ஒளியின் அளவு. மற்றதெல்லாம் அதன் ஊகம். ஆட்டோ மோட் பெரும்பாலும் நன்றாகவே ஊகிக்கிறது. ஊகம் தப்பும் இடத்தில் மட்டும் நாம் வாய் திறந்தால் போதும்.

அதற்குத் தோதான ஊர் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை அடுத்த திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார். இராவணனோடு மோதி வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். ஜடாயுவின் பெயரிலேயே தீர்த்தமும் உண்டு. இளமையில் இராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு. குரு சொன்ன பொருளை அப்படியே ஏற்காமல் ‘இல்லை, இப்படி’ என்று சொன்ன மாணவர் அவர். போனிடம் ‘இல்லை, இப்படி’ என்று சொல்ல நாமும் அங்கேயே பழகலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே திருப்புட்குழியில் நம் பாடம் முழுக்க மதிலுக்கு வெளியே: கோபுரம், குளக்கரை, வீதி.

முதலில் மூன்று வேலை

லென்ஸைத் துடையுங்கள். விளக்கைச் சுற்றிப் புகைபோல் பரவும் வெளிச்சத்துக்குப் பாதி நேரம் காரணம் விரல் எண்ணெய்தான். பழைய பருத்தி வேட்டித் துணி போதும்.

படத்தின் அளவை 4:3-ல் வையுங்கள். போன்களின் சென்சார் பெரும்பாலும் அந்த வடிவில்தான் இருக்கிறது. 16:9 வைத்தால் மேலும் கீழும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தருகிறது. வெட்டுவதை நாம் அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

கிரிட் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கோபுரம் சாய்ந்து நிற்காமல் இருக்க அது ஒன்றே போதும்.

50 மெகாபிக்சல் போனில் படம் ஏன் 12 மெகாபிக்சலாக வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன் ஏமாற்றவில்லை. பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு புள்ளியாகக் கணக்கிடுகிறது. அதனால் மங்கல் வெளிச்சத்தில் பொரிப்பொரியாக வராமல் படம் சுத்தமாக வரும். அன்றாடத்துக்கு அதுவே நல்லது. முழு 50-ஐயும் கேட்டு வாங்க வேண்டிய இடம் ஒன்று கீழே வருகிறது.

கோபுரமும் வானமும்

திருப்புட்குழி, பெருமாள் கிழக்கு நோக்கி வீற்றிருக்கும் கோயில். காலையில் வெயில் கோபுரத்தின் முகத்தில் நேராக விழும்; ஆட்டோவே போதும். சிக்கல் மாலையில். சூரியன் பின்னால் போய்விட, திரையில் கோபுரத்தைத் தொட்டால் வானம் வெளுத்துக் காகிதம் ஆகிறது. வானத்தைத் தொட்டால் கோபுரம் கரிக்கட்டை ஆகிறது.

இந்தச் சண்டை பழையது. சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தபோது காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அக்காலத்து ரசாயனம் நீல ஒளிக்கே அதிகம் மயங்கும் என்பதால், கோயில் பதிவதற்குள் வானம் முழுக்க வெளுத்துவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகங்களை வரைந்துவிட்டார்!

இன்று தூரிகையின் வேலையை எச்.டி.ஆர். செய்கிறது. நீங்கள் ஒருமுறை அழுத்தும்போது போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, வானத்தை ஒன்றிலும் கோபுரத்தை இன்னொன்றிலுமாகப் பொறுக்கிச் சேர்த்துவிடுகிறது. அதை ஆட்டோவில் விட்டுவையுங்கள். அதற்குமேல் நாம் செய்ய வேண்டியது, கோபுரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடிப்பது. ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதைச் சற்றே கீழே இழுத்து, மேகத்தின் விளிம்பு தெரிகிற அளவில் நிறுத்துங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். இருட்டில் ஒளிந்திருக்கும் விவரத்தை எடிட் செய்யும்போது மேலே கொண்டுவரலாம். வெளுத்துப்போன இடத்தில் எடுப்பதற்கு எதுவும் இருக்காது.

அதே சூரியக் குறிக்கு இன்னொரு பயன். ஒளியை அளக்கும் கருவிகள் உலகத்தைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிட்டு வந்திருக்கின்றன. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். இன்றைய போன்கள் முகத்தை அடையாளம் கண்டு கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன என்றாலும் அந்தக் குணம் முழுக்கப் போகவில்லை. வெள்ளை வேட்டியில் பத்துப் பேர் குளப்படியில் உட்கார்ந்தால், ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று போன் குறைத்துவிடும். வேட்டி அழுக்காகத் தெரியும். கருங்கல் தூண் திரையை நிறைத்தால் கூட்டிவிடும். கல் சிமென்ட் நிறமாகும். ஆகவே வெள்ளைக்குக் கூட்டுங்கள், கறுப்புக்குக் குறையுங்கள். கேட்க ஏறுமாறாக இருக்கும். ஒருமுறை செய்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ராத்திரிப் புறப்பாடு

திருப்புட்குழிக் கோயிலின் குதிரை வாகனம் பேர்போனது. மரக்குதிரைதான், ஆனால் உயிருள்ள குதிரைபோல் உறுப்புகள் அசையும்படி அமைத்தது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் அது வீதியில் வரும்போது போன்கள் மொத்தமாக உயர்கின்றன. எடுத்த படங்களில் பாதி பாழ்.

“நைட் மோட் போட்டும் இப்படித்தான் வருதுண்ணா, குதிரைக்கு ரெண்டு தலை” என்று கல்லூரிப் பெண் ஒருத்தி என்னிடம் போனை நீட்டினாள்.

“நைட் மோட் போட்டதாலதாம்மா ரெண்டு தலை” என்றேன்.

நைட் மோட் சில நொடிகள் வரை ஒளியைச் சேகரித்து, பல படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது வரம். நடந்து வரும் வாகனம் அதற்குள் ஓரடி நகர்ந்துவிடும். ஆகவே புறப்பாட்டில் நைட் மோடை அணையுங்கள். புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/100 நொடியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர் அளவை 800-லிருந்து 1600-க்குள் நிறுத்துங்கள். கொஞ்சம் பொரி தெரியும். ரெட்டைத் தலைக்கு அது தேவலை. ஐபோனின் சொந்தக் கேமராவில் புரோ மோட் கிடையாது. நைட் மோடை அணைத்துவிட்டு, வாகனம் தூக்குவோர் தோள் மாற்ற நிற்கும் அந்த ஒரு கணத்தில் அழுத்துங்கள்.

ஏன் குறிப்பாக 1/100? நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் தொடுவதால், மலிவான எல்.இ.டி. விளக்குகளும் சீரியல் செட்டும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். 1/100 வைத்தால் ஒரு முழு ஏற்றஇறக்கமும் சென்சாரின் ஒவ்வொரு வரியிலும் அடங்கிவிடுவதால் பட்டை மறையும். 60 சுற்று மின்சாரம் ஓடும் அமெரிக்காவிலிருந்து வரும் யூடியூப் பாடங்கள் 1/60, 1/120 என்று சொல்லும். அது அந்த ஊருக்குச் சரி.

அடுத்தது நிறம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். எண்ணெய்ச் சுடர் ஏறக்குறைய 1900, பகல் வெயில் 5500, வெள்ளை எல்.இ.டி. 6500. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால், தீவட்டியின் மஞ்சளைக் குறையென்று நினைத்துக் கழுவிவிடப் பார்க்கும். சூரியப் படம் போட்ட ‘டேலைட்’டில் நிறுத்துங்கள். பொன்னிறம் பொன்னிறமாகவே நிற்கும்.

ஃபிளாஷை மறந்துவிடுங்கள். அதன் வெளிச்சம் சில அடிகளோடு சரி. வாகனம் வரை போகாது. முன்னால் நிற்பவரின் தலைமுடியைத்தான் பளிச்சென்று காட்டும்.

கல்லில் எழுத்து

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளாக (வார்டுகளாக) ஊரைப் பிரித்தது, ஊர்ச்சபை உறுப்பினராக 35 வயது நிரம்பி 70-க்குள் இருக்க வேண்டும் என்பது, கணக்குக் காட்டாதவரை விலக்கியது எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நேரில் போய்ப் படம் எடுத்து, ‘வெறும் சுவர்தான் வந்திருக்கிறது’ என்று ஏமாறுகிறார்கள்.

எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. ஒளி நேராக விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறம். அங்கே அனுமதி கேட்டுக்கொண்டு, வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் வேளையில் போனால் ஒவ்வொரு கோட்டிலும் நிழல் தங்கும். நிழலான சுவரென்றால் கூட வந்தவரின் போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்து எழுந்து வரும். சுண்ணாம்பு தடவுவது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் அடிப்பது எதுவும் கூடாது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்.

முழு 50 மெகாபிக்சலை இங்கே கேட்டு வாங்கலாம். நல்ல வெளிச்சம், அசையாத பொருள், நுண்ணிய விவரம் மூன்றும் சேரும் இடம் இது. 0.5 அகல லென்ஸ் வேண்டாம், ஓரத்து எழுத்துகளை இழுத்து வளைக்கும், 1 போதும். போனைச் சுவருக்கு இணையாகப் பிடித்து, கிரிட்டின் கிடைக்கோடு கல்வெட்டின் வரியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வெளிச்சத்தை ஒருபடி குறையுங்கள். நீளமான கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முயலாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு முந்தைய படத்தோடு ஒட்டும்படி நகர்ந்து நகர்ந்து எடுங்கள். முதல் படத்தில் பூட்டிய வெளிச்சத்தைக் கடைசிவரை மாற்றாதீர்கள். டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை இப்படித்தான் பதிவு செய்தார். 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே வரிசை.

அரக்கு சிவப்பானால்

காஞ்சிபுரம் பட்டு இன்று வாட்ஸ்அப்பில் விற்கிறது. “நான் நெய்து அனுப்பினது அரக்கு சார். அந்தம்மா போன்ல சிவப்பாத் தெரிஞ்சுதாம். திருப்பி அனுப்பிட்டாங்க” என்று ஒரு நெசவாளர் வருந்தினார். மயில்கழுத்து, எம்.எஸ். புளூ, கத்திரிப்பூ எல்லாம் இப்படித் தடம் புரளும் நிறங்கள்தான்.

இதற்கு நான்கு மருந்து. ஏ.ஐ. அல்லது ‘சீன் ஆப்டிமைசர்’ என்று இருப்பதை அணையுங்கள். சிவப்பையும் பச்சையையும் அதுவாகவே ஏற்றிவிடும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் எந்தப் போனுக்கும் குழப்பம். விளக்கை அணைத்து ஜன்னலோரம் விரியுங்கள். புடவையோடு ஒரு வெள்ளைக் காகிதத்தையும் வைத்து எடுங்கள். காகிதம் திரையில் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், வெள்ளையாகும்வரை ஒயிட் பேலன்ஸை நகர்த்துங்கள். ஜரிகை கண்ணைப் பறிக்கும் இடத்தில் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் ஜரிகை வெறும் வெள்ளைக் கோடாகிவிடும்.

வாங்குபவர் போனின் திரை நம் கையில் இல்லை. அனுப்பும் விதம் நம் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023-ல் வந்த எச்.டி. தேர்வு கொஞ்சம் பெரிதாக அனுப்பும், ஆனாலும் சுருக்கும். ‘டாக்குமென்ட்’டாக இணைத்தால் எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டில் ஒரு வெள்ளைத் துண்டையும் ஒரு இரும்பு வாணலியையும் தனித்தனியே, திரை நிறைய, முதலில் ஆட்டோவில் எடுங்கள். பிறகு சூரியக் குறியை நகர்த்தித் துண்டு வெள்ளையாகவும் வாணலி கறுப்பாகவும் வரும்வரை எடுங்கள். எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் எங்கே, எவ்வளவு தப்பாக ஊகிக்கிறது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். கோபுரத்துக்கும் பட்டுக்கும் அந்தக் கணக்கே உதவும்.

(அடுத்த வாரம்: ‘அழகு’ ஃபில்டரும் மனித முகமும்)