மழலைக்காக இடும் கையொப்பம்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ் மக்களுக்கு அவ்வூர்கள் அயலிடங்கள் அல்ல. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா அமைந்தபோது, அதன் பகுதிகள் பல வட ஆர்க்காட்டிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லை மாறினும் வீட்டு மொழி மாறவில்லை. அடுக்களையில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக அங்கு வாழ்க்கை இனிதே நடைபெற்று வருகிறது.

ஆயினும், 'ஏறக்குறைய விளங்கிவிட்டது' என்பது போதாத இடம் ஒன்று உண்டு. கைக்குழந்தையை மருத்துவ ஆய்வு ஒன்றில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு, மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டும்போது, பெற்றோர் கையொப்பம் இடுகிற இடமே அது. சித்தூர், திருப்பதித் தமிழருக்கு மட்டுமின்றி, பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் குடும்பம் நடத்தும் தமிழ் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

மருத்துவ ஆய்வு என்பது யாது? சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. சிகிச்சையில் மருத்துவர் தம் முன் உள்ள நோயாளியின் நலம் ஒன்றையே கருதி மருந்து தருகிறார். ஆய்விலோ, ஒரு மருந்து பயன் தருமா, தீங்கு செய்யுமா என்னும் கேள்விக்கு விடை தேடப்படுகிறது. குழந்தைகள் இரு பிரிவாக வகுக்கப்படுவர். ஒரு பிரிவுக்குப் புதிய மருந்து. மற்றதற்குப் பழைய சிகிச்சை, அல்லது மருந்துச் சத்தில்லாத போலித் துளி. எந்தக் குழந்தை எப்பிரிவில் சேரும் என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, பெற்றோரும் தீர்மானிப்பதில்லை. திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற முறையில் அது அமைகிறது. வேண்டிய குழந்தைக்கு நல்லதும் வேண்டாத குழந்தைக்கு அல்லதும் என்னும் ஓரவஞ்சனை புகாமலிருப்பதற்கே இந்த ஏற்பாடு.

பெரியவர்களிடம் சோதித்த மருந்தை அளவு குறைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் ஆகாதா என்று சிலர் வினவக்கூடும். ஆகாது. குழந்தை என்பது சிறிய உருவம் பெற்ற பெரிய மனிதன் அன்று. அதன் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிராதவை. அதன் மூளை மாதந்தோறும் வளர்ந்து மாறுவது. இன்று கொடுத்த மருந்தின் விளைவு, குழந்தை நடக்கும்போதும் பேசும்போதும்தான் புலப்படலாம். ஆதலால், குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என நீள்கின்றன.

இத்தகைய ஆய்வினால் விளைந்த நன்மைக்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரே சான்று. கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உடல் நீரை வற்றச் செய்யும் கிருமிகளுள் ரோட்டா வைரஸ் என்பது முக்கியமானது. 2002-ஆம் ஆண்டு தொடங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 373 குழந்தைகள் இறுதிவரை நீடித்தனர். ஒருமுறை இக்கிருமி தொற்றினால் மற்ற நாட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பு, இங்குள்ள குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை என்பது அதனால் தெரியவந்தது. பிற நாட்டுக் கணக்கு நம் நாட்டுக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது என்னும் உண்மை புலனாயிற்று.

பின்னர், தில்லியில் பிறந்த குழந்தைகளிடம் 1980-களில் கண்டெடுக்கப்பட்ட ஒரு வைரஸ் வகையைக் கொண்டு இந்தியாவிலேயே ஒரு துளிமருந்து செய்யப்பட்டது. அதனைத் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 2011 முதல் 6,799 குழந்தைகளிடம் சோதித்தனர். மூன்று குழந்தைகளுள் இருவருக்கு மருந்தும் ஒருவருக்குப் போலித் துளியும் கிடைத்தன. முதலாண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அம்மருந்து நூற்றுக்கு 56 என்னும் அளவில் குறைத்தது. அதன் பயன் யாருக்கு முதலில் கிடைத்தது தெரியுமா? 2016-இல் அரசு அத்துளிமருந்தைப் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தபோது, முதன்முதல் தேர்ந்த நான்கு மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. சித்தூர், திருப்பதிக் குழந்தைகள், வேலூர்க் குழந்தைகளின் பெற்றோர் இட்ட கையொப்பத்தின் பலனைப் பெற்றனர் எனலாம்.

இதனைக் கேட்டவுடன், ஆய்வு என்றாலே நன்மை என்று முடிவு கட்டிவிடலாகாது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படும் சிசுக்களின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து வைத்தால் மூளைச் சேதம் குறைகிறது என்பது செல்வ நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. நம் நாட்டிலும் அது பயன் தருமென்றே பலரும் எண்ணினர். 2015 முதல் 2019 வரை, சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்காளதேச மருத்துவமனைகள் ஏழில் 408 சிசுக்களிடம் அது சோதிக்கப்பட்டது. பிழைத்த குழந்தைகள் ஒன்றரை வயது கடந்ததும், அவர்களுடைய நடை, பேச்சு, அறிவு வளர்ச்சி முதலியன அளந்து பார்க்கப்பட்டன. 2021-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. குளிர்விப்பு ஊனத்தையும் இறப்பையும் சேர்த்து நோக்கியபோது எவ்விதப் பயனும் தரவில்லை. இறப்பை மட்டும் நோக்கினால், குளிர்விக்கப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 42 சிசுக்களும் மற்றப் பிரிவில் 31 சிசுக்களும் மாண்டனர்.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. ஆய்வு நடவாதிருந்தால், நல்லது என்று நம்பியே எத்தனையோ மருத்துவமனைகளில் இச்சிகிச்சை பரவியிருக்கும். ஆதலின் ஆய்வு வேண்டும். ஆனால், ஆய்வில் சேரும் குழந்தைக்குத் தீங்கு நேரவும் கூடும். ஆதலின் அதனை அறிந்தே சேர வேண்டும். விடை முன்பே தெரிந்த கேள்விக்கு ஆய்வு நடத்துவோர் இல்லை.

அறியாமல் இட்ட கையொப்பம் என்ன ஆகும் என்பதற்கும் ஆந்திரத்திலேயே ஒரு பாடம் உண்டு. 2009-இல், அப்போது ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த கம்மம் ஜில்லாவில், 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசி ஒரு திட்டத்தின் கீழ்ப் போடப்பட்டது. விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே இசைவுத் தாளில் கையொப்பம் இட்டிருந்தனர். சில சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்ததும், 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று விசாரணைக் குழு கூறிற்று. ஆனால் இசைவு பெற்ற முறையில் குறைகள் இருந்தன என்பதையும் அக்குழு மறைக்கவில்லை. பெற்றோரின் அறிவுக்கு எட்டாத இசைவு, இசைவே அன்று.

இந்தியாவில் புதிய மருந்துகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்குமான விதிகள் 2019-இல் வகுக்கப்பட்டன. அவற்றுள் பெற்றோர் அறியவேண்டியவை சில. ஆய்வு பற்றிய விவரத் தாள், கேட்பவருக்கு விளங்கும் எளிய மொழியில் இருத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், ஆய்வோடு தொடர்பற்ற நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் அது படித்துக் காட்டப்பட வேண்டும். கையொப்பமிட்ட தாளின் பிரதி பெற்றோருக்கு உரியது. அறநெறிக் குழு ஒன்று முன்னதாகவே ஆய்வை அங்கீகரித்திருக்க வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பர். சட்டம் அறிந்தவரும் பொதுமக்களுள் ஒருவரும் ஒரு பெண்ணும் அதில் இடம்பெறுவர். பாதிப்பேர் அந்த மருத்துவமனையைச் சாராதவர். ஆய்வினால் குழந்தைக்கு ஊறு நேரின் சிகிச்சை இலவசம். உயிரிழப்போ நிலையான ஊனமோ நேரின் நஷ்ட ஈடும் உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, சேர மறுப்பதற்கும், சேர்ந்தபின் எப்போது வேண்டுமானாலும் விலகுவதற்கும் உரிமை உண்டு. அவ்வாறு விலகியதற்காகக் குழந்தையின் வழக்கமான சிகிச்சையை எவரும் குறைக்கலாகாது.

ஆகவே, திருப்பதியிலோ சித்தூரிலோ தெலுங்கில் அச்சிட்ட தாள் உங்கள் முன் வைக்கப்படுமாயின், தமிழில் விளக்கம் கேட்பது அடாத செயல் அன்று. அது விதி தந்த உரிமை. தெலுங்கு பேச வருகிறது என்பதற்காகத் தெலுங்கில் மருத்துவச் சொற்களைப் படிக்க வரும் என்று எண்ணிக் கூச்சப்பட வேண்டாம். இது சிகிச்சையா, ஆய்வா? என் குழந்தைக்குப் போலித் துளி கிடைக்கவும் கூடுமா? எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள்? எத்தனை ஆண்டுகள் வந்து போக வேண்டும்? இரவில் குழந்தைக்கு நோவு கண்டால் யாரை அழைப்பது? நாங்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் என்ன ஆகும்? இவ்வினாக்களைக் கேளுங்கள். தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெரியவர்களோடும் நம்பிக்கைக்குரிய வேறு மருத்துவரோடும் கலந்து பேச அவகாசம் கேளுங்கள். அவசர சிகிச்சையின் வேளையில் நேரம் குறைவாக இருக்கலாம். அப்போதும் 'இது ஆய்வா?' என்ற ஒரு கேள்விக்கு நேரம் உண்டு.

சேர்ந்துவிட்ட பின்னும் மொழியை மறக்கலாகாது. வளர்ச்சியை அளப்பவர் குழந்தையிடம் கட்டைகளை அடுக்கச் சொல்வர். பந்தை எடுத்துவரச் சொல்வர். மூக்கு எங்கே, கண் எங்கே என்று கேட்பர். வீட்டில் தமிழே கேட்டு வளரும் குழந்தையிடம் வேறு மொழியில் கேட்டால், அது விழித்து நிற்கும். அறிவு குறைந்ததனால் அன்று, சொல் புரியாததனால். 'இக்குழந்தைக்குத் தமிழில் சொல்லுங்கள்' என்று தாய் கூறும் ஒரு வாக்கியம், தவறான மதிப்பீடு ஒன்றைத் தடுக்கும். ஆய்வின் முடிவையும் செம்மைப்படுத்தும்.

ஆய்வுக்கு இசைவது நல்ல செயல்; பின்னால் பிறக்கும் பல்லாயிரம் குழந்தைகளுக்குச் செய்யும் உதவி. மறுப்பதும் குற்றம் அன்று. தன் குழந்தையின் நலத்தைப் பெற்றோரே எடைபோட்டுச் செய்த முடிவு அது. புரியாமல் தலையாட்டுவது ஒன்றே தவிர்க்கத் தக்கது. வாய் திறந்து கேட்கக் குழந்தையால் இயலாது. அதற்காகக் கேட்கும் கடமை பெற்றவர்களுடையது. எந்த ஊரில் வாழ்ந்தாலும் அதனைத் தாய்மொழியில் கேட்கலாம்.